வஸ் காலத் தானம்: பக்கத்துப் பன்சலையில் ஒரு நாள் கேட்டிருக்கினம், என்ன செய்யோணும்?

வெள்ளவத்தை_ஒழுங்கை
2025 யூலை 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பிளாட்டில் கீழ்மாடியில் இருக்கிற சிங்கள அக்கா நேற்று வந்து ஒண்டு கேட்டா. ஒழுங்கைக்குப் பின்னால ஒரு சின்னப் பன்சல (பௌத்த விகாரை) இருக்கு, ரெண்டு ஹாமுதுருமார்தான் (பிக்குகள்). எசல போயா (யூலைப் பூரணை) முடிஞ்சு அவை வஸ் எடுத்திட்டினமாம். மூண்டு மாசத்துக்கு ஆர் ஆர் எந்தெந்த நாள் தானம் (அவைக்குச் சாப்பாடு) குடுக்கிறது எண்டு பெயர் எழுதினம், ஓகஸ்ட் 16 சனிக்கிழமை காலியாய் இருக்கு, நீங்கள் எடுக்கிறீங்களா எண்டு கேட்டா.

நான் இருபது வருசமாய்க் கொழும்பில் இருக்கிறன். வெசாக் பந்தல் பார்த்திருக்கிறன், தன்சலில் (இலவசச் சாப்பாட்டுப் பந்தலில்) வரிசையில் நிண்டு கடலை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறன். ஆனால் வஸ் எண்டால் என்ன எண்டு கேட்டால் என்னிட்டப் பதில் இல்லை. மழைக்கு ஹாமுதுருமார் வெளியில் போகமாட்டினம் எண்ட அளவில்தான் தெரியும்.

அந்த அக்கா எங்களுக்குச் செய்ததைச் சொல்லோணும். அப்பா தவறி இப்ப ரெண்டு வருசம். அண்டைக்கு இரவு முழுக்கக் கூட இருந்து, வந்த ஆக்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தினது அவதான். மறுக்க மனமில்லை. மாமி மட்டும், நாங்கள் சைவம், அவையின்ர முறை தெரியாமல் பிழையாய்ச் செய்துபோடக் கூடாது எண்டு யோசிக்கிறா. அவ சொல்லுறதும் சரிதானே. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ: நாங்கள் குடுக்கலாமா? மரக்கறி காணுமா? எத்தினை மணிக்கு? எங்கட வீட்டுப் பாத்திரத்தில் கொண்டு போகலாமா?


பம்பலப்பிட்டி_ரயில்
2025 யூலை 12, இரவு 10.15

தாராளமாய்க் குடுக்கலாம். என்ர மனிசியின்ர வீட்டாக்கள் பௌத்தர். பத்து வருசமாய் நானும் சட்டியோட பின்னால போறன், யாரும் நீ என்ன சமயம் எண்டு கேட்டதில்லை.

ஹீல் தானம் எண்டால் காலமைச் சாப்பாடு, ஆறரை ஏழுக்குக் கொண்டு போயிடோணும். தவல் தானம் மத்தியானச் சாப்பாடு. இதில்தான் கவனம். உச்சிப்பொழுது தாண்டினால் அவை சாப்பிடமாட்டினம், ஒரு வாயும் எடுக்கமாட்டினம். அதனால பதினொன்றுக்குச் சாப்பாடு பன்சலையில் இருக்கோணும், பதினொன்றேகாலுக்குப் பரிமாறத் தொடங்கோணும். காலி வீதி நெரிசலை நம்பாதேங்கோ. நீங்கள் பின் ஒழுங்கை எண்டபடியால் பிரச்சினை இல்லை.

மரக்கறி நல்லாய்க் காணும். மீன் இறைச்சி தங்களுக்காகக் கொண்டதெண்டு கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டாலோதான் அவை எடுக்கக் கூடாது. உங்கட வீட்டில் மரக்கறி எண்டால் அந்தக் கேள்வியே இல்லை. சோறு, பருப்பு, போஞ்சி பிரட்டல், கத்தரிக்காய், ஒரு கீரை, பப்படம், கடைசியில் தயிரும் பாணியும், பழம். பின்னேரத்தில் கிலன்பச குடுப்பினம், அது இஞ்சித் தேத்தண்ணி மாதிரி, பால் விடக் கூடாது. அதை வேற ஆக்கள் பொறுப்பெடுத்திருப்பினம், அக்காவிட்டக் கேளுங்கோ.

பாத்திரம் உங்கட வீட்டுப் பாத்திரம்தான். புதுசு வாங்கத் தேவையில்லை. ஆனால் அவை சாப்பிட முதல் ருசி பார்க்காதேங்கோ. அது எங்கட படையலுக்கும் அப்படித்தானே.


பழைய_வாத்தியார்
2025 யூலை 13, காலை 6.05

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் சமயபாடம் படிப்பித்தவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

வஸ் என்பது பாளியில் வஸ்ஸ. நமக்குத் தெரிந்த வருஷம் என்ற சொல்லேதான். மழை என்பதுதான் அதன் முதற்பொருள், மழையை வைத்து ஆண்டை எண்ணியதால் ஆண்டுக்கும் ஆனது. எசல பூரணைக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாதம், வப் பூரணை வரை. இந்த வருடம் யூலை 11 தொடக்கம், ஒக்டோபர் 6 வப் போயா. அன்று தொடங்கத் தவறியவர்கள் ஒரு மாதம் கழித்து நிகினி போயாவுக்கு அடுத்த நாள் தொடங்கலாம்.

இந்த வழக்கம் வந்த கதையை, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பிடகம் சொல்கிறது. புத்தர் இராசகிருகத்து மூங்கில் வனத்தில் தங்கியிருந்த காலம். பிக்குகள் வெயில், பனி, மழை என்று பாராமல் நடந்துகொண்டே இருந்தார்கள். ஊர்ச்சனம் முறைப்பட்டது. பச்சைப் புல்லை மிதிக்கிறார்கள், ஓரறிவு உயிரை வருத்துகிறார்கள், சின்னச் சின்னப் பூச்சி புழுக்களைக் கொல்கிறார்கள்; வேறு சமயத் துறவிகள் மழைக்கு ஓரிடத்தில் அடங்கி இருக்கிறார்கள், பறவைகள்கூட மர உச்சியில் கூடு கட்டித் தங்குகின்றன, இவர்களுக்கு மட்டும் ஏன் இந்த நடை என்று. ஓரறிவு உயிர் என்று நான் அழகுக்காகப் போடவில்லை. பாளியில் ஏகிந்திரிய ஜீவ என்றே இருக்கிறது. தொல்காப்பியம் படித்த பிள்ளைக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

அந்த முறைப்பாடு புத்தரின் காதுக்குப் போனது. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குங்கள் என்றார். மேலிருந்து இறங்கிய சட்டம் இல்லை இது. ஊர்ச்சனம் சொன்ன குறையைக் கேட்டு உண்டான ஒழுங்கு.

வெளியே போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. விடியற்பொழுதுதான் கணக்கு. பகலில் போய்வரலாம், விடிகிற நேரம் அந்த விகாரையின் எல்லைக்குள் இருக்க வேண்டும். இந்த விகாரையில் இந்த மூன்று மாதமும் வஸ் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். தாய், தகப்பன், கூடப் படித்த பிக்கு யாராவது நோயில் கிடந்தால் ஏழு நாள் வரை போய்வரலாம். தாய் தகப்பனுக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வெள்ளம், நெருப்பு, பாம்பு, கள்வர், சாப்பாடு கிடையாத நிலை என்றால் இடத்தை விட்டு எழும்பலாம்.

எங்கே தங்கக் கூடாது என்றும் இருக்கிறது: மரப்பொந்தில், மரக்கிளைக் கவட்டில், வெட்டவெளியில், குடையின் கீழ், பெரிய சாடிக்குள். யாரோ ஒருவர் சாடிக்குள் இருந்து பார்த்திருக்கிறார், அதனால்தான் தடை வந்தது! ஆனால் மாட்டுப்பட்டியில், வண்டிக் கூட்டத்தோடு, கப்பலில் வஸ் இருக்கலாம். பட்டி இடம் பெயர்ந்தால் கூடவே போகலாம். இடையரையும் வணிகரையும் மாலுமியையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை தேவைப்பட்டிருக்கும்.

உங்கள் மாமிக்கு ஒன்று சொல்லுங்கள். எசல பூரணை நமக்கு வியாச பூரணை. அதே நிலவில்தான் நம்முடைய சந்நியாசிகள் வியாச பூசை செய்து சாதுர்மாஸ்யம் தொடங்குகிறார்கள். சமண முனிவர்களுக்கும் மழைக்கால நான்கு மாதத் தங்கல் உண்டு. வழிகள் வேறு, மழை ஒன்றுதான்.


மருதானை_வாசகன்
2025 யூலை 13, பகல் 1.20

வாத்தியார், ஒரு சந்தேகம். எங்கட பள்ளிவாசலில் நோன்பு கடைசிப் பத்தில் இஃதிகாப் இருப்பாங்க. தேவை இல்லாம வெளியே வர மாட்டாங்க, சாப்பாடு வீட்டிலிருந்து வரும். நான் ஒரு முறை இருந்திருக்கேன். ஆறாம் நாள் அளவில் ஒரு மாற்றம் வரும், வெளியே பஸ் சத்தம் கேட்டாலும் அது வேற ஊர்ல கேட்கிற மாதிரி இருக்கும். மூணு மாசம் என்றால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். அவங்களும் பேசாம தியானத்திலயே இருப்பாங்களா?


பழைய_வாத்தியார்
2025 யூலை 13, பகல் 2.45

பேசாமல் இருப்பதைப் புத்தரே கண்டித்திருக்கிறார். கோசல நாட்டில் சில பிக்குகள், மூன்று மாதமும் சண்டை சச்சரவு வராமல் இருக்க ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்று முடிவெடுத்தார்கள். முதலில் வந்தவர் இருக்கையை விரிப்பார், தண்ணீர் வைப்பார். பிந்தி வந்தவர் மிச்சத்தை உண்டு கூட்டித் துடைப்பார். பாரமான குடம் என்றால் கையசைத்து ஒருவரைக் கூப்பிடுவார், வாய் திறப்பதில்லை. வஸ் முடிந்து புத்தர் இருந்த சாவத்தி நகருக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னார்கள். புத்தர், ஆடுமாடு கூடி இருப்பது போல இருந்துவிட்டு நன்றாக இருந்தோம் என்கிறீர்களே என்றார்.

அன்றைக்குத்தான் பவாரணை வந்தது. வஸ் முடிகிற பூரணையில் ஒவ்வொரு பிக்குவும் எழுந்து மற்றவர்களிடம் கேட்க வேண்டும்: என்னில் ஏதாவது கண்டிருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், என்மேல் இரக்கம் வைத்துச் சொல்லுங்கள், குற்றமென்று கண்டால் திருத்திக்கொள்கிறேன். மூன்று தரம் கேட்பார்கள். மூத்தவர் முதலில். மூத்தவர் முதலில் என்பதைக் கவனியுங்கள்.

இது சீமைக்குள், எல்லை குறித்த இடத்துக்குள் நடக்கும். பேரை வாவியில் தண்ணீரின் மேல் சீமா மாலகம் இருக்கிறதே, ஜெப்ரி பாவா வடிவமைத்தது, அந்தப் பெயரில் இருப்பதும் இந்தச் சீமைதான்.


தேயிலைக்கொழுந்து
2025 யூலை 13, மாலை 7.30

எங்க தோட்டத்துக்குக் கீழ ஒரு பன்சல இருந்துச்சு. அப்பா அங்க கூரை வேலை செய்யப் போனப்ப பெரிய ஹாமுதுருகிட்ட வயசு கேட்டிருக்காரு. அவரு வயசைச் சொல்லாம முப்பத்தியொரு வஸ்னு சொன்னாராம். அப்பாவுக்குப் புரியல. அப்புறம் உள்ளதிலேயே நரைச்ச ஒரு ஹாமுதுரு வந்து, அந்த முப்பத்தியொரு வஸ் ஹாமுதுருவக் கும்பிட்டாராம். வயசுல மூத்தவரு இளையவரக் கும்பிடுறதப் பாத்து அப்பா ரொம்ப நாளு சொல்லிக்கிட்டே இருந்தாரு. உபசம்பதா எடுத்த (முழுப் பிக்குவான) பிறகு எத்தன வஸ் இருந்தாங்களோ அதுதான் அவங்க மூப்புன்னு எனக்கு இப்பதான் விளங்குது.


மாரிமழை
2025 யூலை 14, இரவு 11.10

வாசிச்சன். நல்லாய் எழுதியிருக்கிறியள். ஆனால் நான் ஒண்டு சொல்லாமல் போகேலாது.

எங்கட ஊரில் சனத்தின்ர காணிக்குள்ள விகாரை கட்டினவை. உறுதி எங்கட கையில், காணி எங்கட கையில் இல்லை. எங்கட அம்மா போயா நாளில் அந்த வேலியடியில் பதாகை பிடிச்சுக்கொண்டு வெயிலில் இருந்தவ, எழுபத்திரண்டு வயசு. அப்படியிருக்க இஞ்ச கொழும்பில் நாங்கள் போஞ்சிக் கறி காய்ச்சிக் கொண்டு போறதோ எண்டு கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்குது. உங்கட கீழ்மாடி அக்காவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவ நல்ல மனிசி எண்டது விளங்குது.

ஆனால் வாத்தியார், நீங்கள் சொன்ன கதையையே கேக்கிறன். புல்லு மிதிபடுது எண்டு சனம் முறைப்பட்டோண்ண புத்தர் கேட்டவர் எண்டியள். எங்கட முறைப்பாட்டை ஆர் கேக்கிறது? வஸ் முடிவில் குறை சொல்லச் சொல்லிக் கேப்பினம் எண்டியள். எங்களிட்டயும் கேப்பினமோ?

இன்னுமொண்டு. எங்கட ஊரில் யூலையில் மழையே இல்லை. சோளகக் காத்தும் புழுதியும்தான். எங்களுக்கு மாரி ஐப்பசியிலதான் தொடங்கும்.


பழைய_வாத்தியார்
2025 யூலை 15, காலை 5.50

இரவு முழுக்க உங்கள் கேள்வியோடு இருந்தேன்.

பவாரணை சங்கத்துக்குள் நடப்பது. பிக்கு பிக்குவிடம்தான் கேட்பார், ஊர்ச்சனத்திடம் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், கேட்கமாட்டார்கள் என்பதுதான். ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வஸ் என்ற ஒழுங்கே சனத்தின் முறைப்பாட்டில் பிறந்தது என்றால், முறைப்பாட்டைக் கேட்காத இடத்தில் அந்த ஒழுங்கு பாதிதான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

மழைக் கணக்கில் நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. இது மகத நாட்டு மழைக்கு அமைந்த நாள்காட்டி. அங்கே யூன் முதல் செப்டெம்பர் வரை மழை. கொழும்பிலும் தென்மேற்குப் பருவம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை என்றாலும், வானம் பிளந்து கொட்டுவது ஏப்பிரல் மே மாதங்களிலும் ஒக்டோபர் நவெம்பரிலும்தான். வஸ் முடிந்து, பிக்குகளுக்குச் சீவரம் கொடுக்கும் கடின ஊர்வலம் போகும்போதுதான் இங்கே குடை திருப்பும் மழை. பழந்தமிழ்க் கணக்கில் கார்காலம் ஆவணியும் புரட்டாதியும், அது வஸ் நாட்களோடு பொருந்தும். ஈழத்து வடகிழக்கில் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், உங்கள் துயரத்துக்கு மறுமொழியாக அல்ல. பௌத்தம் தமிழனுக்கு வெளியே நிற்கிற ஒன்று என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. வவுனியாப் பக்கம் பெரிய புளியங்குளத்துக் குகையில் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் குகையைக் கொடுத்தவன் விசாகன் என்ற தமிழ் வணிகன், கல்லிலேயே தமேட, அதாவது தமிழன், என்று பொறித்திருக்கிறது. அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தாரின் மண்டபம் ஒன்றின் கல்வெட்டு இருக்கிறது. அதில் யார் யாருடைய ஆசனம் எது என்று பெயர் போட்டிருக்கிறது, ஒருவன் கப்பல் ஓட்டி. மழைக்குத் தங்கத் துறவிக்குக் கூரை கொடுத்தவர்களில் நாமும் இருந்தோம். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தை ஊரோடு கொடுத்தான். அந்த நினைவை நாம் விட்டுக்கொடுத்தால், அதை வைத்து யார் எதையும் எழுதிக்கொள்வார்கள்.


வெள்ளவத்தை_ஒழுங்கை
2025 யூலை 15, இரவு 8.30

மாரிமழை அண்ணா (அண்ணாவோ தம்பியோ தெரியேல்லை, மன்னியுங்கோ), நீங்கள் எழுதினதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ கனநேரம் பேசேல்லை. எங்கட காணியும் பதினெட்டு வருசம் ஆமியின்ர பாதுகாப்பு வலயத்துக்குள்ள இருந்தது. விட்ட நேரம் கிணறு மட்டும்தான் மிச்சம். அதனால உங்களுக்கு நான் சமாதானம் சொல்ல வரேல்லை.

நான் குடுக்கப் போறன். கீழ்மாடி அக்காவுக்காக, அப்பாவுக்காக. ஓகஸ்ட் 16 எங்கட பெயரில் எழுதியாச்சு.


மாரிமழை
2025 யூலை 15, இரவு 10.02

தம்பிதான். குடுங்கோ அக்கா. நான் தடுக்கேல்லை. சொல்லோணும் எண்டிருந்தது, சொன்னன்.


வெள்ளவத்தை_ஒழுங்கை
2025 ஓகஸ்ட் 17, காலை 10.25

தானம் நேற்று முடிஞ்சுது. எழுதுறன் எண்டு சொன்னனான், எழுதுறன்.

காலமை நாலு மணிக்கு எழும்பினன். மாமி எனக்கு முதல் எழும்பி முழுகிப்போட்டு நிண்டா. பிழைவிடக் கூடாது எண்டு சொன்ன மாமிதான் பலாக்கொட்டையை முதல் நாளே தோல் உரிச்சு வைச்சவ. சம்பா சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, போஞ்சி, பலாக்கொட்டைப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், தக்காளிச் சொதி, பப்படம், மோர் மிளகாய். பாயாசம் காய்ச்சினன், கீழ்மாடி அக்கா தயிரும் பாணியும் கொண்டு வந்தா. பதினொன்றுக்குப் பத்து நிமிசம் இருக்கப் போய்ச் சேர்ந்திட்டம்.

முதலில் புத்த பூசை. எல்லாக் கறியிலும் ஒரு கரண்டி எடுத்துச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, வரிசையில் நிக்கிற எல்லாற்ற கையிலும் மாறி மாறிக் கொண்டு போகினம். ஒவ்வொருத்தரும் தட்டைத் தொட்டு நெற்றியில் வைச்சு அடுத்த ஆளுக்கு. மாமியின்ர கைக்கு வந்த நேரம் அவவும் தொட்டு, ஓம் நமசிவாய எண்டு மெதுவாய்ச் சொன்னா. பக்கத்தில் நிண்ட ஆச்சி அதைக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு தலையாட்டினா.

பிழை ஒண்டு விட்டன். சோத்துச் சட்டியைக் கொண்டு போய் ஹாமுதுருவுக்கு முன்னால மேசையில் வைச்சிட்டு வந்திட்டன். அவர் பேசாமல் இருக்கிறார், கை வைக்கிறார் இல்லை. கீழ்மாடி அக்கா ஓடி வந்து, தூக்கு, ரெண்டு கையாலும் தூக்கிக் குடு எண்டா. கையிலிருந்து கைக்குக் குடுக்காததை அவை சாப்பிடக் கூடாதாம். தூக்கின உடன அவர் சட்டியின்ர விளிம்பில் கை வைச்சு வாங்கினார். அவ்வளவுதான். அந்தச் சட்டி அம்மாவின்ர சீதனச் சட்டி, அலுமினியம், ஒரு பக்கம் நெளிஞ்சது. அவற்ற விரல் அந்த நெளிவில்தான் பட்டுது.

ஆசனம் பெரிசாய் ஒண்டுமில்லை, வெள்ளைத்துணி போட்ட பலகை. பெரிய ஹாமுதுரு எழுபது கடந்தவர். கண்ணை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். சொதியை ரெண்டாம் தரம் கேட்டுவாங்க மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும், மாமி தானாய் ஊத்தினா. வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

பிறகு தண்ணி வார்க்கிறது. இதைத்தான் நான் எழுதோணும் எண்டு வந்தன். ஒரு குடத்தில் தண்ணி, கீழ ஒரு பாத்திரம், அதுக்குள்ள ஒரு கோப்பை. பாளியில் சொல்லச் சொல்ல நாங்கள் எல்லாரும் குடத்தில் கை வைச்சு மெல்ல மெல்ல வார்க்கோணும். கோப்பை நிறைஞ்சு வழிஞ்சு கீழ்ப் பாத்திரத்துக்குள்ள போகுது. தொடங்க முதல் அவர் ஆற்ற பெயரில் எண்டு கேட்டார். நான் அப்பாவின்ர பெயரைச் சொன்னன். அவருக்கு அந்தப் பெயர் வாயில் வரேல்லை. திரும்பக் கேட்டார். மூண்டாம் தரம் எழுத்து எழுத்தாய்ச் சொன்னன். சரியாய் வரும்வரைக்கும் சொல்லிப் பார்த்து, பிறகுதான் தொடங்கினார்.

யூலை 24 ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சனான். அங்கயும் தண்ணிதான், இங்கயும் தண்ணிதான். எனக்கு அழுகை வந்திட்டுது. தங்கச்சியின்ர மகள், பெரியம்மா கோப்பை நிறைஞ்சிட்டுது நிப்பாட்டுங்கோ எண்டாள். நிறைஞ்சு வழியத்தான் வார்க்கிறது எண்டு கீழ்மாடி அக்கா அவளுக்குச் சொன்னா.

வாத்தியார், அந்தப் பாளிக்குத் தமிழில் என்ன?


பழைய_வாத்தியார்
2025 ஓகஸ்ட் 17, பகல் 12.40

யதா வாரிவஹா பூரா பரிபூரெந்தி சாகரம் என்று தொடங்கியிருப்பார்கள். நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதுபோல, இங்கே கொடுத்தது மறைந்தவர்களைச் சேரட்டும் என்பது பொருள். இதம் மே ஞாதீனம் ஹோது என்றும் வந்திருக்கும்: இது என் உறவினருக்கு ஆகட்டும், உறவினர் சுகமாய் இருக்கட்டும். ஞாதி என்றால் நம் ஞாதிகள்தான், அதே சொல்.


மருதானை_வாசகன்
2025 ஓகஸ்ட் 17, பகல் 3.15

அந்தப் பெயரை மூணு தரம் கேட்டதை ரெண்டு முறை வாசிச்சேன் சகோதரி. உங்கட வாப்பாவுக்கு நல்லது நடக்கட்டும்.


தேயிலைக்கொழுந்து
2025 ஒக்டோபர் 7, காலை 8.10

நேத்து வப் போயா. வஸ் முடிஞ்சிருச்சு. அக்கா, உங்க பன்சலையில் கடின பிங்கம (கடினப் புண்ணிய விழா) எப்ப? இங்க வத்தளைப் பக்கம் இப்பவே சிவுரு (பிக்குவோட காவி உடை) ஊர்வலத்துக்குக் கொடி கட்டுறாங்க. ஒரு விகாரைக்கு வருசத்துல ஒரு தரம்தானா?


பழைய_வாத்தியார்
2025 ஒக்டோபர் 7, காலை 9.00

ஒரு தரம்தான். வப் போயாவுக்கு மறுநாள் முதல் இல் போயா வரை, இந்த வருடம் நவெம்பர் 5 வரைக்குள். ஒரே விகாரையில் முழு வஸ் இருந்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. குறைந்தது ஐந்து பிக்குகள் கூட வேண்டும், ஒருவர் பெற, நால்வர் ஒப்ப. துணியை வெட்டி, தைத்து, சாயம் போட்டு, காயவைத்து எல்லாம் அந்த ஒரே நாளில், அடுத்த விடியலுக்கு முன். வெட்டித் தைக்கிற பாங்கு வயல் வரம்பு மாதிரி இருக்கும். மகதத்து நெல்வயலைப் புத்தர் காட்ட, ஆனந்தர் அந்த அமைப்பில் தைத்தார் என்பது கதை. கடினம் என்பது துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் சட்டகம், நம் கடினமும் அதே சொல்தான். வஸ் முடித்துச் சாவத்திக்குப் புத்தரைப் பார்க்க நடந்த முப்பது பிக்குகள் மழையில் நனைந்து, சேறு மிதித்து, சொட்டச் சொட்ட வந்து நின்றதைக் கண்டுதான் இந்த அனுமதி வந்தது.


மாரிமழை
2025 ஒக்டோபர் 7, இரவு 9.45

அம்மாவிட்ட இந்த இழையை வாசிச்சுக் காட்டினன். தண்ணி வார்த்த இடத்தில் நிப்பாட்டி, பெயரைச் சரியாய்ச் சொன்னவரோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். வேற ஒண்டும் சொல்லேல்லை. வாற போயாவுக்கும் அவ வேலியடிக்குப் போவா. நானும் இந்த முறை லீவு எடுத்துக்கொண்டு போறன்.


வெள்ளவத்தை_ஒழுங்கை
2025 ஒக்டோபர் 20, காலை 7.15

தம்பி, அம்மாவுக்கு வெயிலுக்கு ஒரு குடையும் போத்தலில் தண்ணியும் கட்டாயம் குடுத்து விடுங்கோ.

எங்கட பன்சலையில் கடினம் நேற்று நடந்தது. விடிய ஐந்து மணிக்கு மேளச் சத்தம் ஒழுங்கைக்குள்ள கேட்டது. சரியான மழை. சிவுருவைத் தலையில் வைச்சுக்கொண்டு வந்தவருக்கு மேல வெள்ளை விதானம் பிடிச்சு, அதுக்கும் மேல நாலைஞ்சு குடை. பிடிக்கிற ஆக்கள் முழுக்க நனைஞ்சு போச்சினம், துணியில் ஒரு சொட்டு விழேல்லை. நானும் மாமியும் வாசலில் நிண்டு கும்பிட்டம். சுற்றுப் பன்சலைகளில் இருந்தும் ஹாமுதுருமார் வந்திருந்தினம்.

மத்தியானத்துக்குள்ள வெட்டித் தைச்சு முடிஞ்சிட்டுதாம். சாயம் போட்ட பிறகுதான் கஷ்டம். மழை விடேல்லை, கொடியில் போட வழியில்லை. தர்மசாலைக்குள்ள கயிறு கட்டி விரிச்சுப் போட்டினம். கீழ்மாடி அக்கா வந்து எங்கட ஸ்டாண்ட் பேனைக் கேட்டா. கொண்டு போய் வைச்சிட்டு வந்தன். அப்பாவின்ர அறையில் இருந்த பேன், சுத்தும்போது டக் டக் எண்டு ஒரு சத்தம் வரும், ஆனால் காத்து நல்லாய் வரும். நாலு வீட்டு பேன் வரிசையில் நிக்குது, நடுவில் அந்தத் துணி மெல்ல ஆடுது.

இரவு பதினொன்றேமுக்காலுக்கு அக்கா வட்ஸ்அப்பில் படம் அனுப்பினா. காய்ஞ்சிட்டுது.